அமைச்சரவையும் ஆலோசனை மன்றங்களும்: பதில் சொல்ல வேண்டியவர் யார்?

ஆசிரியை_ஜெலுத்தோங் | திங்கள், இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் படிவ மாணவர்களுக்கு அரசாங்க அமைப்பு பற்றிய பாடத்தை நடத்தி வருகிறேன். அமைச்சரவை முடிவெடுக்கும், ஆலோசனை மன்றம் ஆலோசனை சொல்லும் என்று இரண்டு வரியில் குறிப்பு எழுதிக் கொடுத்தால் மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் மலேசியக் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவைத் திறந்து படிக்கச் சொன்னதும் வகுப்பில் சலசலப்பு எழுந்தது. மாமன்னர் தம் பணிகளை ஆற்றுவதில் அவருக்கு ஆலோசனை கூறுவதற்காக ஓர் அமைச்சரவை நியமிக்கப்பட வேண்டும் என்றுதான் அதன் முதல் உட்பிரிவு கூறுகிறது. எழுத்துப்படி பார்த்தால் அமைச்சரவையே ஓர் ஆலோசனைக் குழு.

அப்படியானால் 1970இல் அமைந்த தேசிய ஆலோசனை மன்றம், 1998இல் அமைந்த தேசியப் பொருளாதார நடவடிக்கை மன்றம், 2018இல் முன்னாள் நிதியமைச்சர் துன் டாயிம் தலைமையில் அமைந்த சான்றோர் மன்றம், 2021இல் முன்னாள் பிரதமர் ஒருவரையே தலைவராகக் கொண்ட தேசிய மீட்சி மன்றம் ஆகியவற்றுக்கும் அமைச்சரவைக்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது? "பிரதமர் தமக்கு வேண்டிய அறிஞர்களைக் கூட்டி வைத்துக்கொள்ள முடியும் என்றால் அமைச்சர்கள் எதற்கு, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். துடுக்கான கேள்விதான், ஆனால் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. நம் நாட்டு நிகழ்வுகளைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். விவரம் அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பழையகோப்பு | திங்கள், இரவு 10.05

ஆசிரியைக்கு வணக்கம். பணி ஓய்வு பெறும்வரை ஓர் அமைச்சின் கொள்கைப் பிரிவில் இருந்தேன். சட்டத்தை வழக்கறிஞர்கள் சொல்லட்டும். தாள் நடக்கும் வழியை நான் சொல்கிறேன், ஏனெனில் வேறுபாடு அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

ஒரு விஷயம் அமைச்சரவைக்குப் போக வேண்டுமானால் அது அமைச்சரவைக் குறிப்பாணையாக எழுதப்பட வேண்டும். 'மெமோராண்டம் ஜெமாஆ மெந்திரி' என்பது அலுவலகப் பேச்சு. நோக்கம், பின்னணி, பரிந்துரை, செலவு என்று வரிசையாக எழுதிய பிறகு, தொடர்புடைய அமைச்சுகளின் கருத்துரை அதில் சேர்க்கப்படும். அந்தக் கருத்துரைப் பகுதியில்தான் ஒரு திட்டத்தின் தலையெழுத்து இருக்கிறது. 'இருக்கும் ஒதுக்கீட்டுக்குள்ளேயே செய்துகொள்ள வேண்டும்' என்று நிதியமைச்சு ஒரே ஒரு வரி எழுதிவிட்டால், மேலே எழுதிய பத்துப் பக்கமும் வெறும் விருப்பப் பட்டியலாகிவிடும். சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் 'இதற்குச் சட்டத்திருத்தம் தேவை' என்று எழுதினால் ஓராண்டு தள்ளிப்போகும். இவ்வளவுக்கும் பிறகு தாளின் அடியில் அமைச்சர் கையொப்பமிடுகிறார். கூட்டம் முடிந்து முடிவுக் குறிப்பு வந்ததும், அமைச்சின் தலைமைச் செயலாளர் அதிகாரிகளைக் கூட்டி, எந்தப் பிரிவு எதைச் செய்ய வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பார். அன்று முதல் அந்த வேலைக்குக் கோப்பு எண் உண்டு, பொறுப்பதிகாரி உண்டு, கேட்பதற்கு ஆள் உண்டு.

ஓர் ஆலோசனைக் குழுவுக்குச் செயலகப் பணியும் பார்த்திருக்கிறேன். பேராசிரியர்கள், தொழிலதிபர்கள், பணி ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் என்று தகுதியான கூட்டம். பேச்சு நன்றாக இருந்தது. மீகூனும் நன்றாக இருந்தது. தடிமனான அறிக்கை ஒன்றும் வந்தது. ஆனால் அந்த அறிக்கையை எந்த அமைச்சும் தன் குறிப்பாணையாக எடுத்து எழுத முன்வரவில்லை. மன்றத்தின் பரிந்துரைக்குத் தானாக நடக்கும் கால்கள் கிடையாது. ஓர் அமைச்சர் அதைத் தம் பெயரில் தூக்கிச் சென்றால்தான் அது அமைச்சரவை அறைக்குள் நுழையும். அவர் கைவிட்டால் அலமாரிதான் கதி.

சட்டவாசி | செவ்வாய், காலை 7.30

பழையகோப்பு ஐயா சொன்னதற்குச் சட்டப் பக்கத்தைச் சேர்க்கிறேன். ஆசிரியை 43(1)இல் நிறுத்திவிட்டார். அதை 40ஆம் பிரிவோடும் 43(3)ஓடும் சேர்த்துப் படிக்க வேண்டும். 40ஆம் பிரிவின்படி மாமன்னர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியோ அமைச்சரவையின் பொது அதிகாரத்தின் கீழ்ச் செயல்படும் ஓர் அமைச்சரின் ஆலோசனைப்படியோ நடக்க வேண்டும். 1994இல் சேர்க்கப்பட்ட 40(1அ) இன்னும் அழுத்தமாக, அந்த ஆலோசனையை அவர் ஏற்று அதன்படியே செயல்பட வேண்டும் என்கிறது. பிரதமரை நியமிப்பது, நாடாளுமன்றத்தைக் கலைக்கும் வேண்டுகோளுக்கு இணங்க மறுப்பது, மாநில மன்னர்களான ஆட்சியாளர்களின் சலுகைகள் பற்றி மட்டும் பேசுவதற்காக ஆட்சியாளர்கள் மாநாட்டைக் கூட்டக் கோருவது ஆகியவற்றில் அவருடைய சொந்த முடிவுக்கு இடம் உண்டு. மற்றவற்றில் அமைச்சரவை சொல்லும் ஆலோசனைக்குக் கட்டளையின் வலு உண்டு.

அந்த வலுவுக்கு ஈடாக வைக்கப்பட்டதுதான் 43(3): அமைச்சரவை கூட்டாக நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பு. மக்களவைப் பெரும்பான்மையின் நம்பிக்கையைப் பிரதமர் இழந்தால், அவர் வேண்டி மாமன்னர் நாடாளுமன்றத்தைக் கலைத்தாலன்றி, முழு அமைச்சரவையும் பதவி விலக வேண்டும். 2021 ஆகஸ்டு 16ஆம் நாள் அன்றைய பிரதமர் டான்ஶ்ரீ முகிதீனோடு அவருடைய அமைச்சரவை மொத்தமும் விலகியது இந்த விதியினால்தான். சான்றோர் மன்றத்தையோ மீட்சி மன்றத்தையோ இப்படி வீட்டுக்கு அனுப்ப மக்களவைக்கு வழி இல்லை. மாணவி கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்: அறிஞர்களின் சொல் மாமன்னரையும் கட்டுப்படுத்தாது, அதற்காக நாடாளுமன்றம் அவர்களைப் பதவியிலிருந்து இறக்கவும் முடியாது, அமைச்சர்களுக்கு இரண்டும் உண்டு.

நீதிமன்றப் பார்வை தேவையென்றால், 1978ஆம் ஆண்டின் இறுதியில் லண்டன் பிரிவி மன்றம் தீர்ப்பளித்த தே செங் போ வழக்கைக் காட்டுங்கள். மாமன்னர் மனநிறைவு கொண்டால் என்று சட்டம் சொல்லும் இடங்களில் உண்மையில் குறிக்கப்படுவது அமைச்சரவையின் கூட்டுக் கருத்தே என்று டிப்லாக் பிரபு அதில் விளக்கினார்.

ஆனால் இது நடைமுறையில் எப்போதும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. 2020 அக்டோபரில் அமைச்சரவை அவசரகாலத்தைப் பரிந்துரைத்தபோது, மாமன்னர் மற்ற ஆட்சியாளர்களோடு கலந்து பேசி, அக்டோபர் 25ஆம் நாள் அதற்குத் தேவை இல்லை என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு ஜனவரி 12இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவசரச் சட்டங்கள் ஜூலை 21ஆம் நாளே மீட்டுக்கொள்ளப்பட்டுவிட்டன என்று ஜூலை 26இல் சட்ட அமைச்சர் மக்களவையில் சொன்னார். அதற்குத் தம் இணக்கம் பெறப்படவில்லை என்று ஜூலை 29இல் அரண்மனை அறிக்கை விட்டது. அமைச்சரவை ஆலோசனை கூறிவிட்டது, மாமன்னர் அதை ஏற்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் வாதம். ஆலோசனை சொல்வதும் அதற்கு முறைப்படி இணக்கம் பெறுவதும் வெவ்வேறு படிகள் என்பது மறுதரப்பின் வாதம். சட்டம் படித்தவர்களே இரு பக்கமும் நின்றார்கள். நான் இரண்டாம் பக்கம். ஆலோசனையை ஏற்க வேண்டிய கடமை இருக்கிறது என்பதற்காக, அது ஏற்கப்பட்டுவிட்டதாக முன்கூட்டியே அவையில் அறிவித்துவிட முடியாது.

ஆயர்ஈத்தாம்_கணக்காளர் | செவ்வாய், பிற்பகல் 1.15

சட்டவாசி தங்கச்சி எழுதியதை மதிக்கிறேன். ஆனால் அவர் வரையும் அமைச்சரவை காகிதத்தில்தான் இருக்கிறது. அமைச்சரவை இடங்கள் கூட்டணிக் கட்சிகளுக்கிடையே பங்கிடப்படுகின்றன. எந்தக் கட்சிக்கு எத்தனை இடம், எந்த மாநிலத்துக்கு எத்தனை, சபா சரவாக்குக்கு எத்தனை என்று கணக்குப் போட்டு முடிக்கும்போது, துறை அறிவு கடைசியில் நிற்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பல இனங்களும் இரு பெரு நிலப்பகுதிகளும் கொண்ட நாட்டில் அந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் அதனால் விடுபடும் அறிவை வேறொரு வாசல் வழியாகக் கொண்டுவரத்தான் மன்றங்கள் வந்தன.

1998ஐப் பாருங்கள். ரிங்கிட் சரிந்துகொண்டிருந்த நேரத்தில், ஜனவரியில், தேசியப் பொருளாதார நடவடிக்கை மன்றம் அமைந்தது. செப்டம்பர் 1ஆம் நாள் மூலதனக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்டது. மறுநாள் டாலருக்கு 3.80 என்று ரிங்கிட் நிலைநிறுத்தப்பட்டது. அந்தக் கொள்கை சரியா தவறா என்பது வேறு விவாதம். வாரம் ஒருமுறை கூடும் அமைச்சரவையை வைத்துக்கொண்டு, மணிக்கு மணி மாறும் நாணயச் சந்தையைத் துரத்த முடியாது என்பதே என் வாதம். 2018இல் வந்த சான்றோர் மன்றத்தில் டாயிம், செத்தி அக்தார், ராபர்ட் குவோக், ஹசான் மரிக்கான், ஜோமோ ஆகிய ஐவர் இருந்தனர். 61 ஆண்டுக்குப் பிறகு ஆட்சி மாறிய வேளையில், புதிய அமைச்சர்களுள் பெரும்பாலோர் அதற்குமுன் ஓர் அமைச்சரவைத் தாளைக்கூடப் பார்த்திராத நிலையில், நூறு நாளுக்கு அப்படி ஒரு துணை தேவைப்பட்டது என்பதை யார் மறுப்பார்கள்?

இந்தியாவிலும் 2004இல் சோனியா காந்தி தலைமையில் அமைந்த தேசிய ஆலோசனை மன்றம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கும் ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்கும் உந்துதலாக இருந்தது. அமைச்சரவை மட்டும் இருந்திருந்தால் அவை அந்த வேகத்தில் வந்திருக்குமா என்பது ஐயமே.

சட்டவாசி | செவ்வாய், மாலை 6.50

அண்ணன் காட்டும் எடுத்துக்காட்டுகளே எனக்குச் சாதகமாக இருக்கின்றன. 1998இல் அந்த மன்றத்துக்குத் தலைமை வகித்தவர் பிரதமர். அங்கே பேசியது எதுவானாலும், அதன் விளைவுக்கு நாடாளுமன்றத்தில் அவர் பதில் சொல்லியாக வேண்டும். 2018இல் தலைமை வெளியாளிடம் இருந்தது. அதே ஆண்டு கிழக்குக்கரை ரயில் திட்டம் பற்றிச் சீனாவோடு பேசச் சென்றவரும் அவரே. 2019 ஏப்ரலில் அந்தத் திட்டத்தின் செலவு 6,550 கோடி ரிங்கிட்டிலிருந்து 4,400 கோடியாகக் குறைந்தது நல்ல முடிவுதான். ஆனால் பேச்சு முறிந்து போயிருந்தால் மக்களவையில் எந்த உறுப்பினர் யாரை எழுப்பிக் கேட்டிருப்பார்? பதவியேற்கும் அமைச்சர் மாமன்னர் முன்னிலையில் பதவி உறுதிமொழியும் இரகசியக் காப்பு உறுதிமொழியும் எடுக்கிறார். தம் துறையோடு தொடர்புள்ள வணிகத்தில் ஈடுபடக்கூடாது என்ற தடையும் அவருக்கு உண்டு. ஆலோசகருக்கு அரசியலமைப்புச் சட்டத்தில் இப்படி ஒரு வரிகூட இல்லை.

இந்திய மன்றத்தைப் பற்றியும் பாதிதான் சொன்னீர்கள். அமைச்சரவைக்கு மேல் இன்னோர் அமைச்சரவை என்று அதை எதிர்க்கட்சியினர் விடாமல் சாடினர். ஆதாயம் தரும் பதவி என்ற சர்ச்சையில் 2006இல் அதன் தலைவர் விலகவே நேர்ந்தது.

பட்டர்வொர்த்_இளையவன் | செவ்வாய், இரவு 9.20

பெரியவர்கள் பேசும் இடத்தில் ஒரு கேள்வி. 2023 டிசம்பர் அமைச்சரவை மாற்றத்தில் மனிதவள அமைச்சர் சிவகுமார் விடுபட்ட பிறகு, முழு அமைச்சர் பதவியில் தமிழர் ஒருவரும் இல்லை என்று நம் சமூகத்தில் பெரிய ஆதங்கம் எழுந்தது. துணையமைச்சர்கள் இருக்கிறார்கள், இந்தியச் சமூக உருமாற்றப் பிரிவான மித்ராவுக்குச் சிறப்புப் பணிக்குழு இருக்கிறது, அது போதாதா என்று எதிர்ப்பக்கம் கேட்டார்கள். மித்ராவே ஒற்றுமைத்துறை அமைச்சுக்கும் பிரதமர் துறைக்கும் இடையே மாறி மாறிப் போய்வந்தது. இந்த விவாதத்தில் சொல்வதைப் பார்த்தால், ஆயிரம் ஆலோசகர்கள் இருந்தாலும் அறைக்குள் ஓர் அமைச்சர் இருப்பதற்கு ஈடாகாது என்றுதானே பொருள்?

பழையகோப்பு | புதன், காலை 6.10

தம்பி, உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. குறிப்பாணை பற்றி முன்பு எழுதினேன் அல்லவா? மற்ற அமைச்சுகளின் தாள்கள் வரும்போது அவற்றைப் படித்து, 'இதில் தோட்டத்தில் இருந்து வெளியேறிய குடும்பங்கள் விடுபடுகின்றன', 'இந்த நிபந்தனையால் பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பணம் போகாது' என்று குறுக்கே பேசக்கூடிய வாய்ப்பு அமைச்சருக்கு மட்டுமே உண்டு. துணையமைச்சர் வழக்கமாக அந்த அறையில் இருப்பதில்லை. மித்ராவுக்கு ஆண்டுக்குப் பத்துக் கோடி ரிங்கிட் என்பது பெரிதாகத் தெரிகிறது. ஆனால் வீடமைப்பு, கல்வி, மனிதவளம் ஆகிய அமைச்சுகளின் ஒதுக்கீட்டில் நமக்கு வர வேண்டிய பங்கு எங்கே நிற்கிறது என்பதை அந்தப் பத்துக் கோடியைக் கொண்டு சரிசெய்ய முடியாது. அது மற்றத் துறைகளின் தாள்களில் முடிவாகும் விஷயம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஓர் அமைச்சர் அறைக்குள் இருந்தும் வாய் திறக்காமல் இருந்துவிடலாம். திறந்தாரா இல்லையா என்பது நமக்குத் தெரியவும் தெரியாது, ஏனெனில் அமைச்சரவைப் பேச்சு அரசாங்க இரகசியச் சட்டத்தின் கீழ் வருகிறது. வெளியே வரும்போது எல்லாரும் ஒரே குரலில் பேச வேண்டும் என்பது கூட்டுப் பொறுப்பின் நிபந்தனை. ஆகவே இருக்கை வேண்டும் என்று கேட்பது நியாயம்; இருக்கை கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது நியாயம் இல்லை.

கணக்காளர் ஐயாவுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் அமைச்சரவை பிறப்பதற்கு முன்பே மன்றங்கள் பிறந்துவிட்டன. 1949இல் சமூகத் தொடர்புக் குழு என்று ஒன்று அமைந்தது. மலாய், சீன, இந்திய, இலங்கைத் தமிழ்த் தலைவர்கள் மூடிய அறையில் உட்கார்ந்து குடியுரிமையையும் பொருளாதாரத்தையும் பேசினார்கள். அதன் தலைவர் துரைசிங்கம். அவரே 1951இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த உறுப்பினர் முறையில் கல்விப் பொறுப்பு உறுப்பினரானார். அமைச்சருக்கு முன்னோடியான பதவி அது. 1955 தேர்தலில் கூட்டணிக் கட்சி 52 இடங்களில் 51ஐ வென்று துங்கு அப்துல் ரகுமான் அமைத்த அமைச்சரவையில் ம.இ.கா. தலைவர் சம்பந்தன் தொழிலாளர் அமைச்சரானார். ஆறே ஆண்டில் மூடிய அறைக் குழுவிலிருந்து தேர்தல் வழி வந்த அமைச்சரவைக்கு நாடு நகர்ந்தது.

1969இல் திசை திரும்பியது. மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டு, துணைப்பிரதமர் துன் ரசாக்கை நடவடிக்கை இயக்குநராகக் கொண்டு தேசிய நடவடிக்கை மன்றம், அதாவது மாகேரான், அதிகாரத்தைக் கையில் எடுத்தது. துங்கு பிரதமராகவே இருந்தார், அமைச்சரவையும் இருந்தது, ஆனால் ஆட்சி மன்றத்தின் கையில். சம்பந்தன் இரண்டிலும் உட்கார்ந்தார். படைத் தலைவரும் காவல்துறைத் தலைவரும் அமைச்சர்களோடு சமமாக உட்கார்ந்த மேசை அது. அந்த மேசைக்கு எதிரே கேள்வி கேட்க அவை இல்லை. அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பத்தான் 1970 ஜனவரியில் தேசிய ஆலோசனை மன்றம் வந்தது. கட்சிகள், மாநிலங்கள், சமய அமைப்புகள், தொழிற்சங்கங்கள், ஆசிரியர்கள் என்று பலரும் அதில் பங்கு பெற்றனர், எதிர்க்கட்சியான ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) சேரவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் அறிவிக்கப்பட்ட தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாரா அங்கே அலசப்பட்டதுதான். 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது. இந்த ஆலோசனை மன்றத்தைப் பயனற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; அவை மூடியிருந்த நாட்டில் பேசுவதற்கு இருந்த அறை அது ஒன்றுதான்.

நெறியாளர் | புதன், காலை 9.00

விவாதம் நன்றாகப் போகிறது. நடப்பு அமைச்சர்களின் தனிப்பட்ட வாழ்க்கை பற்றி வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மித்ரா நிதி விண்ணப்பம் பற்றிய கேள்விகளைத் தனி இழையில் கேட்கவும்.

ஆசிரியை_ஜெலுத்தோங் | புதன், பிற்பகல் 3.30

பினாங்குக்காரியாக ஒரு பெயரை இங்கே சேர்க்காமல் இருக்க முடியவில்லை: செனட்டர் அத்தி நாகப்பன். ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்ட பிறகு, ஊராட்சி மன்றங்கள் எப்படி இயங்குகின்றன என்று ஆராய அவர் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. 1968இல் அது தந்த அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்றது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976இன் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஜோர்ஜ்டவுன் 1957இல் மாநகரானபோது அதன் முதல் மேயராக இருந்தவர் தேர்தலில் நின்று வந்த டி. எஸ். ராமநாதன். இன்று பினாங்குத் தீவு மாநகர் மன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் நியமனம் பெற்றவர். பினாங்கு அரசாங்கம் தேர்தல் நடத்த 2012இல் சட்டம் இயற்றியது; 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முரண்படுவதால் அது செல்லாது என்று 2014இல் கூட்டரசு நீதிமன்றம் கூறிவிட்டது.

பழையகோப்பு ஐயா அலமாரி என்றார். இந்த அறிக்கை அலமாரிக்குப் போனது உண்மை. ஆனால் ஊராட்சித் தேர்தலைப் பற்றி இங்கே யார் வாய் திறந்தாலும் இன்றும் அந்த அறிக்கையைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஆலோசனை ஏற்கப்படாவிட்டாலும் வெளியிடப்பட்டிருந்தால் அதற்கு ஆயுள் உண்டு. 2018இல் சான்றோர் மன்றத்தின் கீழ் இயங்கிய அமைப்புச் சீர்திருத்தக் குழுவின் அறிக்கையை அரசாங்கம் முழுமையாக வெளியிடவில்லை. அதற்கு அந்த ஆயுள்கூட இல்லாமல் போயிற்று.

சட்டவாசி | புதன், இரவு 8.15

ஆசிரியை ஊராட்சியைத் தொட்டுவிட்டதால் இதுவரை நாம் யாருமே சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மன்றம் என்றால் ஆலோசனை மட்டும்தான் என்ற பாடக்குறிப்பு வரி அப்படியே நிற்காது. அரசியலமைப்புச் சட்டத்திலேயே பிறந்த மன்றங்கள் மூன்றை எடுத்து வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 108ஆம் பிரிவின் தேசிய நிதி மன்றத்தில் பிரதமரும் அவர் குறிக்கும் அமைச்சர்களும் மாநிலத்துக்கு ஒருவரும் இருக்கிறார்கள். மானியம், வரிப்பங்கு, கடன் ஆகியவற்றில் கூட்டரசு அரசாங்கம் அதைக் கலந்தாலோசிக்க வேண்டும். கலந்தாலோசித்தால் போதும். 91ஆம் பிரிவின் தேசிய நில மன்றமும் 95அ பிரிவின் தேசிய ஊராட்சி மன்றமும் அப்படி அல்ல. அவை வகுக்கும் கொள்கையைக் கூட்டரசும் மாநிலங்களும் பின்பற்றியாக வேண்டும்.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். தேசிய ஊராட்சி மன்றத்தில் தலைவர் ஓர் அமைச்சர். மாநிலத்துக்கு ஒரு பேராளர். கூட்டரசின் பேராளர்கள் பத்துப் பேருக்கு மேற்படக்கூடாது. சபா, சரவாக் பேராளர்களுக்கு வாக்கு இல்லை, அந்த இரண்டும் கொள்கைக்குக் கட்டுப்பட வேண்டியதும் இல்லை. மீதி தீபகற்ப மாநிலங்கள் 11. எதிர்ப்பக்கம் கூட்டரசுப் பேராளர் பத்தும் தலைவரும் சேர்ந்தால் 11. சமநிலை வந்தால் தலைவருக்குத் தீர்மானிக்கும் வாக்கு உண்டு. தீபகற்பத்தின் 11 மாநிலங்களும் ஒன்றாக நின்று எதிர்த்தாலும் கூட்டரசு வெல்லலாம் என்று பொருள். இது அமைச்சரவை அன்று. மக்களவைக்கு நேரடிப் பொறுப்பும் இதற்கு இல்லை. ஆனால் இதன் சொல் பினாங்கு முதலமைச்சரையும் அவருடைய ஆட்சிக்குழுவையும் கட்டுப்படுத்தும். 2018இன் ஐவர் மன்றத்தைப் பற்றி எவ்வளவோ எழுதினோம். அதைவிடப் பன்மடங்கு அதிகாரம் உள்ள இந்த மன்றத்தைப் பற்றிக் காப்பிக் கடையில் யாரும் பேசுவதில்லை.

ஆயர்ஈத்தாம்_கணக்காளர் | புதன், இரவு 10.40

இந்தக் கூட்டல் கணக்கு எனக்குப் புதிது. அதைப் பார்த்த பிறகும் மன்றங்கள் வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை. அவற்றுக்குச் சட்டத்தில் எல்லை எழுத வேண்டும் என்ற கருத்து வலுப்பட்டிருக்கிறது. சிங்கப்பூரில் அதிபர் ஆலோசகர் மன்றம் அப்படித்தான் இருக்கிறது. நாட்டின் சேமிப்பு நிதி, முக்கியப் பதவி நியமனங்கள் ஆகியவற்றில் அதிபர் தம் மறுப்புரிமையைப் பயன்படுத்தும் முன் அந்த மன்றத்தைக் கலந்தே ஆக வேண்டும். மன்றத்தின் பரிந்துரைக்கு மாறாக அவர் மறுத்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையால் அதைத் தள்ளிவிடலாம். ஆலோசனை ஆலோசனையாகவே இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டார்களா, கேட்டும் மீறினார்களா என்பதற்குச் சட்டத்தில் விளைவு எழுதப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் ஒவ்வொரு பிரதமரும் தமக்கு ஒரு மன்றத்தை அமைக்கிறார், அடுத்தவர் வந்ததும் அது கலைகிறது. 2021இன் மீட்சி மன்றத் தலைவருக்கு அமைச்சர் தகுதி கொடுத்தார்கள். தகுதி அமைச்சருக்குரியது, பொறுப்பு ஆலோசகருக்குரியது. அந்தக் கலவையைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பட்டர்வொர்த்_இளையவன் | வியாழன், காலை 8.05

தேசிய ஊராட்சி மன்றம் என்ன முடிவெடுத்தது என்று என்னைப் போன்ற ஒருவன் எங்கே போய்ப் பார்ப்பது? அதுவும் இரகசியமா? இன்னொன்று: 2022இல் நாடாளுமன்றத்தைக் கலைக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டதா இல்லையா என்று ஒரு வழக்கு நடந்தது அல்லவா?

சட்டவாசி | வியாழன், காலை 11.20

வழக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த அக்டோபரில் பெரிக்காத்தான் கூட்டணியின் அமைச்சர்கள் தேர்தல் வேண்டாம் என்று மாமன்னருக்கே கடிதம் எழுதினார்கள். கூட்டுப் பொறுப்பு அந்த வாரத்தில் எந்த நிலையில் இருந்தது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமல் பிரதமர் தனியே வேண்டியது செல்லாது என்று கிள்ளான் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் சந்தியாகு தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நாடாளுமன்றக் கலைப்பு, பிரதமர் வேண்டுவதும் மாமன்னர் தம் முடிவுப்படி இணங்குவதும் ஆன விஷயம். 40(2) அதை அமைச்சரவை ஆலோசனையிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. அமைச்சரவைக்கும் கைக்கெட்டாத இடம் உண்டு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பழையகோப்பு | வியாழன், பிற்பகல் 2.45

தம்பியின் முதல் கேள்விக்கு. அமைச்சரவை ஆவணங்களும் மாநில ஆட்சிக்குழு ஆவணங்களும் அரசாங்க இரகசியச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. அவை பிறக்கும்போதே இரகசியம். மற்றவை, நியமிக்கப்பட்ட அதிகாரி ஒருவர் முத்திரை குத்தினால் இரகசியமாகும். ஒரு மன்றத்தின் தாளுக்கு அந்த முத்திரை விழுந்திருக்கிறதா என்று நீங்கள் வெளியிலிருந்து அறிய முடியாது. ஆனால் தேசிய ஊராட்சி மன்றத்தின் தலைவர் ஓர் அமைச்சர். அவரை மக்களவையில் கேட்கலாம்.

உங்கள் தொகுதி உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போய், அடுத்த கூட்டத்தொடருக்கு ஒரு கேள்வி கொடுக்கச் சொல்லுங்கள். எழுத்து வழிப் பதில் கேட்பது நல்லது. வாய்மொழிக் கேள்விகளுள் நேரத்துக்குள் எட்டாதவை பல. 'ஊராட்சித் தேர்தல் பற்றி மன்றம் விவாதித்ததா' என்று மொட்டையாகக் கேட்டால் 'அவ்வப்போது விவாதிக்கப்படுகிறது' என்று பதில் வரும். அந்த வகைப் பதில்களை நானே எழுதியிருக்கிறேன். எந்தெந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில், வாக்கெடுப்பு நடந்ததா, எத்தனை மாநிலங்கள் எதிர்த்தன என்று பிரித்துக் கேளுங்கள். கேள்வியை மலாயில் எழுத உதவி வேண்டுமானால் தனிச்செய்தி அனுப்புங்கள்; இந்த வாரம் வீட்டில்தான் இருப்பேன்.